தோட்டத்து வரைபடங்களும் பாண்டோகிராப் கருவியும்

சிரம்பான் நிலையத்தில் கொமுட்டர் இரயிலுக்குக் காத்திருப்பவர்கள், பெட்டியின் கூரையில் மடங்கி நிற்கும் உலோகச் சட்டத்தைக் கவனித்திருக்கலாம். மின்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் அச்சட்டத்தின் பெயர் பாண்டோகிராப். ஆனால் இது இரயிலுக்காகப் பிறந்த பெயரல்ல. படங்களை நகலெடுக்கும் ஒரு பழைய கருவியின் பெயர். தொடக்க கால இரயில் சட்டங்கள் பார்வைக்கு அதைப் போலவே இருந்ததால் ஒட்டிக்கொண்டது.

ஜெர்மனியின் இயேசு சபைத் துறவி கிறிஸ்டோஃப் ஷைனர் 1603-ஆம் ஆண்டில் இக்கருவியை அமைத்தார். 1631-இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். சூரியப் புள்ளிகள் குறித்து கலிலியோவுடன் வாதிட்டவரும் இவர்தான்.

நான்கு சட்டங்களை ஆணியடித்து இணைத்தால் ஓர் இணைகரம் கிடைக்கும். ஒரு முனையை மேசையில் அசையாமல் பொருத்த வேண்டும். இன்னோர் இடத்தில் மூலப்படத்தின் கோட்டைத் தடவிச் செல்லும் ஊசி, மற்றோர் இடத்தில் பென்சில். நிலைமுனை, ஊசி, பென்சில் மூன்றும் எப்போதும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், சூட்சுமம் இதில்தான். நிலைமுனையிலிருந்து ஊசியைப்போல் இரு மடங்கு தூரத்தில் பென்சில் இருந்தால் படம் இரு மடங்காகும். இரண்டையும் இடம் மாற்றினால் பாதியாகச் சுருங்கும். பள்ளி மாணவர்களுக்கான மரக் கருவிகளில் இதற்காகவே எண்ணிட்ட துளைகள் உண்டு. நில அளவையாளர்களிடம் இருந்தவை பித்தளையால் ஆனவை. தாளில் வழுக்கி ஓட சிறு சக்கரங்களும், நிலைமுனையை அழுத்திப் பிடிக்க ஈய எடையும் அவற்றில் இருந்தன.

ஒளிநகல் இயந்திரம் இல்லாத காலத்தில், ஆங்கிலேய ஆட்சியின் நில அளவை வரைவறைகளில் பெரிய வரைபடத்தைச் சிறிதாக்க இத்தகைய கருவிகள் பயன்பட்டன. சுருக்குவதில் சிக்கல் குறைவு. பெருக்குவதில்தான் ஆபத்து. ஓர் அங்குலத்திற்கு 8 சங்கிலி என்ற அளவில் ஒரு தோட்டத்தின் வரைபடம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு சங்கிலி 66 அடி. ஆக ஓர் அங்குலம் நிலத்தில் 528 அடி. ஊசி கோட்டைவிட்டு அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு விலகினால், நிலத்தில் அது பத்தரை அடி. ஒரு லயத்து அறையின் அகலம் போய்விடும்! படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினாலும் அந்தப் பத்தரை அடி பத்தரை அடிதான். தாள் பெரிதாகும், துல்லியம் வளராது.

இது வெறும் கணக்கு விளையாட்டல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. அதை ஆராய்ந்தவர் உங்கு அஜிஸ். துண்டாடலால் வேலையும் வீடும் இழந்த தொழிலாளர்களுக்காக 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு தோட்டம் பிரியும்போது கோவிலும் தமிழ்ப்பள்ளியும் எந்த லோட்டுக்குள் விழுகின்றன என்பதை வரைபடத்தின் ஒரு கோடு தீர்மானித்துவிடும். லாபு, ரந்தாவ், சிலியாவ் வட்டாரத் தோட்டக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனவே எல்லைத் தகராறில் படத்தின் மீது அடிக்கோல் வைத்து அளப்பது பயன் தராது. நில அளவைத் துறையின் சான்றளிக்கப்பட்ட 'பெலான் அக்குயி'யில் ஒவ்வோர் எல்லைக்கோட்டுக்கும் திசைக்கோணமும் நீளமும் எண்களாக எழுதப்பட்டிருக்கும். அந்த எண்களையும் நிலத்தில் ஊன்றிய எல்லைக்கற்களையும்தான் பார்க்க வேண்டும். அளவை முடியுமுன் வழங்கப்படும் தற்காலிகப் பட்டாவில் காட்டும் பரப்பளவு பின்னர் மாறக்கூடும்.

இன்று கடையில் ஒளிநகல் எடுப்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகலைப் பெரிதாக்கினாலும் 'ஓர் அங்குலம் 8 சங்கிலி' என்ற எழுத்து அப்படியே நிற்கும். அது இனி பொய். படத்தின் அடியில் கோடாக வரைந்த அளவுகோல் மட்டுமே படத்தோடு சேர்ந்து வளரும்.