பச்சிளங் குழந்தையும் குடல் வாயும்

மைசூரு என்றதும் நம் நினைவில் எழுவன அரண்மனையும், தசராவும், சந்தன மணமும், சாமுண்டி மலையுமே. வானொலிக்குச் செவிசாய்க்கும் நமக்கு இன்னுமொன்றும் நினைவுக்கு வருதல் முறை. மனோதத்துவப் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை அமைத்து, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் சூட்டியது அந்நகரில்தான். ஆயினும் இப்பெருமைகளில் எதையும் எண்ணாது அந்நகருக்கு வந்து சேருவோரும் உளர். சாமராசநகர், மாண்டியா, குடகு ஆகிய பகுதிகளிலிருந்தும், மாநில எல்லையைக் கடந்து தாளவாடி, கூடலூர்ப் பக்கங்களிலிருந்தும் பிணி தீர்க்க வருவோர் அவர்கள். 1906இல் மெதடிஸ்ட் மிஷனார் தொடங்கிய ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையும், 1924இல் பெங்களூரில் தோன்றி 1930இல் மைசூருக்கு இடம் பெயர்ந்த மருத்துவக் கல்லூரியும், அக்கல்லூரியைச் சார்ந்த கிருஷ்ணராஜேந்திர, செலுவாம்பா மருத்துவமனைகளும் இத்தகையோரைப் பல தலைமுறைகளாகக் கண்டு வருகின்றன.

இவ்வாறு வருவோருள் பிறந்து இரண்டு நாளே ஆன குழந்தையும் இருக்கக்கூடும். அதன் வயிறு தவில் போல் உப்பியிருக்கும், பாலைக் கக்கும், பச்சையாக வாந்தி எடுக்கும். பிறந்தவுடன் கழிய வேண்டிய கருமலம், அதாவது கிராமத்துத் தாய்மார் 'காட்டுப்பீ' என்று வழங்குவது, கழிந்திராது. சில குழந்தைகளுக்கு ஆசனவாயே அமைந்திராது. வேறு சிலவற்றுக்கு வாயில் இருந்தும் குடல் அசைந்து கொடாது. இவ்விரு குறைகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணப்படுகின்றன. நிறை மாதத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குக் குடல் அழுகித் துளைபடும் நோயும் உண்டு. இந்நிலையில், தமிழ்நாட்டில் விளக்கெண்ணெய் என்றும் கன்னட நாட்டில் ஹரளெண்ணெ என்றும் வழங்குகிற எண்ணெயைப் புகட்டிப் பார்ப்பது இரு பக்கத்துக் கிராமங்களுக்கும் பொதுவான பழக்கம். அதனால் குடல் திறப்பதில்லை. பொன்னான நேரம் கழிந்து போவதுதான் மிச்சம்.

மருத்துவர் செய்வது யாது? வயிற்றின் சுவரில் ஒரு துளையிட்டு, குடலின் ஒரு பகுதியை அதன் வழியே வெளியே கொணர்ந்து, திறந்து, தோலோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார். மலம் அவ்வழியே வெளியேறும். இதனை 'ஸ்டோமா' என்பர். அக்கிரேக்கச் சொல்லுக்கு வாய் என்றே பொருள். நாம் குடல் வாய் என்று சொல்லலாம். தன் மகவின் வயிற்றில் செம்பருத்தி மொட்டுப் போல் சிவந்து ஈரமாகத் தெரியும் அதனைக் கண்ட தாய், முதல் அதிர்ச்சி தணிந்தபின் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "இது எப்போது மூடும்?"

இக்கேள்விக்கு விடை கூற மருத்துவ உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றையே இங்கு ஆராய விழைகிறோம்.

நம் நாட்டுச் சுசுருதர் வயிற்றைத் திறந்து குடலை வெளியே எடுத்து, அடைப்பை நீக்கி, தேனும் நெய்யும் தடவி உள்ளே வைத்துத் தைக்கும் முறையை விவரித்துள்ளார். துளைபட்ட குடலைக் கரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு, அவற்றின் தலைகளைத் தையலாகக் கொண்டு மூடும் முறையும் அவர் நூலில் உண்டு. வியக்கத்தக்க துணிவு அது. எனினும் குடலை வெளியிலேயே நிறுத்திவைக்கும் எண்ணம் அதில் இல்லை. அவ்வெண்ணம் 1710இல் பிரெஞ்சு நாட்டில் பிறந்தது. அலெக்ஸிஸ் லித்ரே என்னும் மருத்துவர், ஆறு நாளே வாழ்ந்து இறந்த ஒரு குழந்தையின் உடலை அறுத்துச் சோதித்தார். மலக்குடல் இரு துண்டுகளாகப் பிரிந்து கிடந்தது. மேல் துண்டை வயிற்றுச் சுவருக்குக் கொணர்ந்து திறந்துவிட்டிருந்தால் இக்குழந்தை பிழைத்திருக்குமே என்று அவர் எழுதினார். கத்தியை எடுத்து அதனைச் செய்து பார்த்தவர் அவரல்லர்.

செய்து காட்டியவர் பிரெஸ்ட் என்ற கடற்படைத் துறைமுகத்தைச் சேர்ந்த டியுரே. ஆண்டு 1793, புரட்சியின் கொந்தளிப்பில் அந்நாடு தத்தளித்த காலம். ஆசனவாய் இன்றிப் பிறந்த குழந்தை ஒன்று மூன்றாம் நாளில் அவரிடம் கொணரப்பட்டது. அவர் உடனே கத்தியை எடுத்துவிடவில்லை. இறந்துபோன வேறொரு சிசுவின் உடலில் முதலில் அறுத்துப் பார்த்து, எவ்விடத்தில் குடல் எளிதில் கைக்கு எட்டும் என்று தெளிந்துகொண்டார். பின்னர் உயிருள்ள குழந்தையின் இடப்புற அடிவயிற்றைத் திறந்து, குடல் மீண்டும் உள்ளே நழுவாதபடி அதன் அடியில் நூல்களைக் கோத்து நிறுத்தி, அதனைத் திறந்தார். மயக்க மருந்து என்பது இன்னும் அரை நூற்றாண்டுக்கு அப்பால் இருந்தது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அக்குழந்தை பிழைத்தது, 45 ஆண்டுகள் வாழ்ந்தது. அத்தனை ஆண்டுகளும் அந்த வாயில் மூடப்படவே இல்லை.

டியுரேவின் வெற்றியைக் கண்டு மற்றவர்களும் முயன்றனர் என்றாலும், 1839இல் அமுஸ்ஸா என்பவர் அதுவரை நடந்தவற்றைத் தொகுத்தபோது கிடைத்த கணக்கு நெஞ்சைச் சுடுவது. மொத்தம் 29 அறுவைகள். அவற்றுள் 21 குழந்தைகளுக்குச் செய்தவை. பிழைத்த குழந்தைகள் நால்வர் மட்டுமே. நோய்க்கிருமி பற்றிய அறிவோ, நரம்பு வழியாக நீரும் உப்பும் செலுத்தும் முறையோ இல்லாத காலத்தில் நால்வர் பிழைத்ததே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி வருவது இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. 1886இல் கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங், பெர்லின் நகரில் கூடிய மருத்துவர்களிடம் இரு குழந்தைகளின் கதையைக் கூறினார். ஒன்று 11 மாதத்திலும் மற்றொன்று 8 மாதத்திலும் மாண்டவை. இரண்டின் பெருங்குடலும் அளவுக்கு மீறிப் பருத்திருந்தது. பருத்த பகுதியே நோயுற்ற பகுதி என்று அவர் கருதினார். கண்ணால் காண்பவர் எவரும் அவ்வாறே கருதுவர். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அறுவை மருத்துவர்கள் அந்தப் பருத்த குடலோடு போராடினர்.

பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஆர்வர் ஸ்வென்சன் ஒரு செய்தியைக் கவனித்தார். இந்நோயுள்ள குழந்தைகளுக்குக் குடல் வாய் அமைத்தால் உப்பிய வயிறு வற்றியது, குழந்தை உண்டது, தேறியது. குணமாகிவிட்டது என்று நம்பி வாயை மூடினால் பழைய நோய் முழுவதும் திரும்பி வந்தது. அங்ஙனமாயின் பருத்த மேற்குடலிடம் குற்றமில்லை. அதற்குக் கீழே, ஒடுங்கி, பார்வைக்கு யாதொரு குறையுமின்றிக் கிடக்கும் பகுதிதான் வேலை செய்ய மறுக்கிறது! அப்பகுதியில் குடலை இயக்கும் நரம்பணுக்கள் இல்லை என்பதும் நுண்ணோக்கியால் உறுதிப்பட்டது. 1948இல் ஸ்வென்சனும் அலெக்சாண்டர் பில்லும், அவ்வொடுங்கிய பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு இணைக்கும் அறுவையை வெளியிட்டனர். உயிர் காக்க ஏற்பட்ட வாய், நோயின் இருப்பிடத்தையும் காட்டிக்கொடுத்தது. அன்று முதல் அதனை மூடவும் வழி பிறந்தது.

ஆசனவாய் இன்றிப் பிறந்தோருக்கு அத்தகைய தெளிவு பிறக்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. அவர்களுக்குப் புதிய வாயில் அமைப்பது முன்பே வழக்கில் இருந்ததெனினும், மலத்தை அடக்கும் தசைகள் எங்கே உள்ளன என்று சரிவரக் காணாமலே அறுக்க வேண்டியிருந்தது. 1980இல் மெக்சிகோ நாட்டில் ஆல்பெர்ட்டோ பேன்யா, பின்புறமாக நடுக்கோட்டில் திறந்து, தசைகளை நேரே கண்ணால் கண்டு, குடலை அவற்றின் நடுவே வைத்துத் தைக்கும் முறையை வகுத்தார். அதே மெக்சிகோவிலிருந்துதான் 1998இல், ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயுள்ள குழந்தைக்கு வயிற்றைத் திறவாமல், ஆசனவாய் வழியாகவே குடலை இழுத்திணைக்கும் முறையும் வந்தது. தக்க காலத்தில் நோய் கண்டறியப்பட்ட பல குழந்தைகளுக்கு இப்போது குடல் வாயே தேவைப்படுவதில்லை.

நம் நாட்டின் பங்கையும் சொல்ல வேண்டும். 1965இல் இந்திய அறுவை மருத்துவர் சங்கத்தில் குழந்தை அறுவைக்கெனத் தனிப் பிரிவு தோன்றியது. பெருங்குடல் ஒரு பை போல் சுருங்கி அமையும் பிறவிக் குறை வட இந்தியாவில் மிகுதி. 1984இல் சண்டிகரைச் சேர்ந்த நரசிம்மராவும் உடனுழைத்தோரும் அதனை விவரித்து வகைப்படுத்தினர். 2005இல் ஜெர்மனியின் கிரிக்கன்பெக்கில் கூடிய அறிஞர்கள் தங்கள் சர்வதேசப் பட்டியலில் அதற்கு இடம் தந்தனர்.

அறுவை ஒரு மணியிலோ இரண்டு மணியிலோ முடிந்துவிடும். அதற்குப் பின் வாரங்களும் மாதங்களும் குழந்தை தாயின் கையில் இருக்கிறது. குடல் வாயைத் தொட்டால் குழந்தைக்கு நோவதில்லை, குளிப்பாட்டலாம். அது கறுத்தாலோ, வெளியேற்றம் நின்றாலோ மட்டும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சுற்றியுள்ள தோல் புண்ணாவதுதான் நாள்தோறும் உள்ள தொல்லை. 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர் இத்தோலைக் காக்கக் கையாண்டது காராயா பிசின். நம் நாட்டு வறண்ட காடுகளில் வளரும் ஒரு மரத்திலிருந்து வடிவது அது. 1954இல் எலிசே சோரன்சன் என்னும் டேனிஷ் செவிலியர், தோலில் ஒட்டிக்கொள்ளும் பை ஒன்றை எண்ணிப் படைத்தார். பை வாங்க இயலாத தாய்மார் பழைய வேட்டியையும் புடவையையும் கிழித்து மடித்து வைத்து, துத்தநாகக் களிம்பு பூசிச் சமாளிக்கின்றனர். பருத்தித் துணி மெல்லியதாய், அடிக்கடி மாற்றப்படுவதாய் இருந்தால் அதுவும் போதுமானதே.

சிறுகுடலில் வாய் வைத்த குழந்தைக்கு நீரும் உப்பும் மிகுதியாக வெளியேறிவிடும். பால் குடித்தும் எடை ஏறாது. அத்தகைய வாயைப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் மூடுவர். ஆசனவாய் புதிதாக அமைக்கப்படும் குழந்தைக்கோ மூன்று படிகள் உண்டு: முதலில் குடல் வாய், சில மாதம் கழித்துப் புது வாயில், அதன்பின் குடல் வாயை மூடுதல். இடையில் புது வாயில் சுருங்காதபடி நாளுக்கு இருமுறை உலோகக் கோலால் விரிவாக்க வேண்டும்; அதனையும் தாயே கற்றுச் செய்கிறாள்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. குழந்தை தவழ்கிறது, சிரிக்கிறது. நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டார் எண்ணுகின்றனர். பேருந்துச் செலவு, இழக்கும் கூலி, அயலார் கண்ணுக்கு மறைத்து வைக்கும் வெட்கம் ஆகிய யாவும் சேர்ந்து இரண்டாம் படியைத் தள்ளிப்போடச் செய்கின்றன. டியுரேவின் குழந்தைக்கு வேறு வழி இல்லை. இன்று வழி இருக்க, ஒரு சிறுமி பள்ளி செல்லும் வயதிலும் துணியைக் கட்டிக்கொண்டு திரிவது நாம் பொறுக்கத்தக்கதன்று.

குறித்த நாளில் அழைத்து வரப்பட்ட குழந்தைக்கு, இறுதி அறுவையில் குடலின் இரு முனைகளும் இணைக்கப்பட்டு வயிறு தைக்கப்படுகிறது. பிறகு யாவரும் காத்திருக்கின்றனர். மருத்துவர் காலையும் மாலையும் வந்து, "வாயு பிரிந்ததா, அம்மா?" என்று கேட்பார். பிரிந்தது என்று தாய் சொன்னதும் சிறிது பால் கொடுக்க அனுமதி கிடைக்கும்.