தன்பால் ஈர்ப்புடைய ஆடவரும் மருத்துவ உதவியும்: ஒரு வரலாற்று நோக்கு

நோய் தீர்க்கும் பணியில் மருந்துக்கு முன்னர் நிற்பது சொல். நோயுற்றவர் தம் நிலையை உரைக்க, மருத்துவர் செவிமடுத்தலே பண்டுவத்தின் தொடக்கமாம். உரைக்க அஞ்சுவோர்க்கு மருத்துவமனையின் கதவு திறந்திருந்தும் பயனில்லை. தன்பால் ஈர்ப்பும் இருபால் ஈர்ப்பும் உடைய ஆடவரிடத்து இவ்வச்சம் எவ்வாறு விளைந்தது, எங்ஙனம் நீங்கும் என்பதனைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை உளங்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அச்சத்தின் வேர்களுள் ஒன்று சட்டம். 1860ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ஆடவர் இருவர் மனமொத்துக் கூடுதலையும் குற்றமாக்கிற்று. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவியார் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று உண்மையை முதன்முதலாக வெளிப்படுத்தினர். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும், 1998இல் சென்னையில் இவ்வாடவர்க்கென ‘சகோதரன்’ அமைப்பும் தோன்றின. ஆயினும், சட்டம் குற்றவாளி எனக் கருதுபவர் மருத்துவர்முன் மனந்திறத்தல் எளிதன்று. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமே 2006இல், இப்பிரிவு தடுப்புப்பணிக்கு இடையூறாகும் எனத் தில்லி உயர்நீதிமன்றத்தில் எடுத்துரைத்தது. 2009இல் அந்நீதிமன்றம் அளித்த விடுதலையை 2013இல் உச்சநீதிமன்றம் நீக்கிற்று. பின்னர் 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயதுவந்தோர் மனமொத்த உறவு குற்றமன்று என அதுவே தீர்ப்பளித்தது.

சட்டம் மாறியதுபோல் மருத்துவமும் மாறிற்றா? தன்பால் ஈர்ப்பை உலக நலவாழ்வு நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலினின்று நீக்கிவிட்டது. எனினும், அதனை ‘மாற்றும்’ சிகிச்சைகள் நம் நாட்டில் தொடர்ந்தன. 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றைத் தடை செய்ய ஆணையிட்டது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அவை தொழில்நெறிக்கு மாறானவை என அறிவித்தது. ஆயினும், 2024 ஆகஸ்டில் அவ்வாணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் பழைய இழிவழக்குகள் மீண்டும் இடம்பெற்றன. எதிர்ப்பு எழவே, சின்னாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. பழங்கருத்து எளிதில் அழியாது என்பதற்கு இது சான்றாம்.

1995இல் திருச்சிராப்பள்ளியினின்று பிரிந்தது பெரம்பலூர். அதனின்று பிரிந்து 2007இல் மீண்டும் தனி மாவட்டமாயிற்று அரியலூர். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022இல் திறக்கப்பெற்றது. எனவே, பெருநகர்க்கே உரியதெனக் கருதப்பட்ட இவ்வினா இன்று இம்மாவட்டத்து மாணவர்முன்னும் நிற்கின்றது. சிற்றூரில் மருத்துவமனை ஊழியர் நோயாளியின் உறவினராகவோ அண்டை வீட்டினராகவோ இருத்தல் கூடும். ஆதலின், மறைகாத்தல் இங்கே மருந்துக்கு நிகராம்.

வினவும் முறையும் எண்ணத்தக்கது. “திருமணம் ஆயிற்றா?” என்னும் வினாவுக்கு “ஆம்” என விடை வந்ததும் மருத்துவர் அமைதியுறின், உண்மை மறைந்துவிடும், மணமான ஆடவரும் ஆடவரோடு உறவு கொள்ளுதல் உண்டு. அதனை உரையாவிடின் தொண்டையிலும் குதத்திலும் உள்ள தொற்று ஆராயப்படாது, மனைவியும் இடர்ப்படுவார். சிலர் தம்மைக் ‘கோத்தி’ என்பர். சிலர் எப்பெயரையும் ஏலார். பெயர் சூட்டாது, செயலைப் பற்றி நாணமின்றி, தனிமையில் வினவுதலே தக்கது. தமிழ்நாட்டரசு 2022இல் வெளியிட்ட சொற்பட்டியலில் ‘பால்புதுமையர்’ போன்ற கண்ணியமான சொற்கள் உள்ளன. அவை மருத்துவர் நாவிலும் வழங்குதல் வேண்டும்.

எச்.ஐ.வி. ஆய்வும் ஆலோசனையும் நிகழும் இடத்திற்குத் தமிழகம் இட்ட பெயர் ‘நம்பிக்கை மையம்’ என்பது. அப்பெயர் பலகையில் மட்டுமன்றி, உள்ளே அமர்ந்திருப்பவர் சொல்லிலும் விளங்கும் நாளே இவ்வரலாறு நிறைவுறும் நாளாகும்.