பிறந்தநாள் இல்லாத பாட்டுக்காரர்

பாடல் இயற்றியவரின் பிறந்தநாளில் கச்சேரி வைப்பது நம் இசை மரபின் மூத்த வழக்கம் அன்று. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் நடக்கிறது. 1847 ஜனவரி 6-இல் அவர் மறைந்த திதி அது. முத்துசுவாமி தீட்சிதரை நினைப்பதும் அவர் மறைந்த தீபாவளியன்றுதான். மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த திருவாரூரில் ஜெயந்தி விழாவும் உண்டு; ஆனாலும் கூட்டம் திரள்வது திருவையாற்றில். பழனியில் இசைவிழா எடுக்க நினைத்தால் பிறந்தநாள், மறைந்தநாள் என்ற இந்த இரண்டு கணக்கும் பொருந்தாது. பழனியை நிறையப் பாடிய அருணகிரிநாதருக்கு ஐயமற்ற பிறந்த தேதியும் இல்லை, மறைந்த தேதியும் இல்லை. பாட்டில் மன்னர் பிரபுடதேவராயர் பெயர் வருவதைக் கொண்டு பதினைந்தாம் நூற்றாண்டு என்கிறோம்; அதற்கு மேல் போக வழியில்லை. ஆனால் இடத்தில் அவருக்குக் குழப்பமே கிடையாது. பழனி ஆவினன்குடிப் பாட்டு ஒன்றில் கொங்கு நாட்டையும் வைகாவூர் நாட்டையும் பெயர் சொல்லியே குறிக்கிறார். சுந்தரரோடு சேரமான் கயிலை போன கதையையும் சேர்த்துக்கொள்கிறார். ஆகவே அவர் பாட்டு ஊரின் நாட்களோடு ஒட்டிக்கொண்டது. தைப்பூசம், பங்குனி உத்திரம், மாதக் கார்த்திகை என்று முருகனுக்கு உரிய நாளெல்லாம் அவரது திருப்புகழுக்கும் நாள்.

மேற்கத்திய இசை மரபில் பாக், பீத்தோவன் பிறந்தநாட்கள் பெரிய விழாக்கள். தேதியை அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்களே, நாம் ஏன் தொலைத்தோம் என்று கேட்கலாம். பீத்தோவனுக்கு உறுதியாகத் தெரிவது 1770 டிசம்பர் 17-இல் ஞானஸ்நானம் நடந்ததுதான். பிறந்தது முந்தைய நாளாக இருக்கலாம் என்பது ஊகம். பாக்கின் மார்ச் 21-ம் பழைய நாட்காட்டிக் கணக்கு. தேவாலயப் பதிவேடு கொடுத்த வசதி அது. இசையின் மேல் கொண்ட மதிப்புக்கு அதை அளவுகோலாக்கக் கூடாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: திருவிழா தெய்வத்தைத்தானே நினைக்கிறது, பாடியவர் மறைந்துபோக மாட்டாரா? அருணகிரியார் பதினாறாயிரம் பாடினார் என்பது மரபு. கிடைத்தவை ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அவையும் வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி அச்சிட்டதால் வந்தவை. இழப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் கொண்டாடப்படும் தியாகராஜருக்கும் இதே கதைதான். இருபத்துநாலாயிரம் என்பார்கள், கைக்கு வந்தவை சுமார் எழுநூறு. (இரண்டு பெரிய எண்களும் பக்தியின் கணக்கு என்றே எனக்குப் படுகிறது.) பாட்டைக் காப்பாற்றியவர்கள் எழுதி வைத்த சீடரும் அச்சிட்ட பதிப்பாசிரியரும்தான்; விழா நாள் எதுவானாலும் அதன் பங்கு அவர்களுக்கு அடுத்ததே. அந்தப் பங்கிலும் ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் பிறந்தநாளில் அவர் ஒருவரைத்தான் பாடுவோம். தைப்பூசத்தில் பழனியைப் பாடிய எல்லோருக்கும் இடம் உண்டு: அருணகிரியார், ஆனந்தபைரவியில் தண்டாயுதபாணியைப் பாடிய தீட்சிதர், வராளியில் அழைத்த பாபநாசம் சிவன். கச்சேரிக்கு மிருதங்கம் தந்த பழனி முத்தையா பிள்ளை, பழனி சுப்பிரமணிய பிள்ளை பரம்பரையும் இவ்வூர்ப் பெயரையே தாங்கியது. பழனியில் இசைவிழா எடுக்க நினைப்பவர்கள் யார் ஜாதகத்தையும் தேட வேண்டாம். தைப்பூச நாட்களில் ஒரு மாலையை முழுக்கப் பழனிப் பாடல்களுக்கே ஒதுக்கட்டும்.