மகாத்: குளத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை

மகாத் என்றதும் நமக்குச் சவுதார் குளம்தான் நினைவுக்கு வரும். 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் அதில் இறங்கித் தண்ணீர் குடித்தார். ஆண்டுதோறும் அதற்கு போஸ்டர் ஒட்டுகிறோம். ஆனால் அன்று வந்த மக்கள் எங்கே சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் என்று பயிற்சி வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

மகாத், கொங்கணத்தில் சாவித்ரி ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். சுற்றுக் கிராமங்களுக்கு அதுதான் சந்தை, அதுதான் தாலுகா கச்சேரி. சாமான் வாங்கவும், கிராம ஊழியத்தின் பேரில் கடிதங்களையும் வரிப்பணத்தையும் கொண்டுவந்து கட்டவும் மகர்கள் அங்கே வந்தே ஆகவேண்டும். வந்தால் தாகத்துக்குத் தண்ணீர் கிடையாது. தீண்டப்படாதார் குடியிருப்பில் இருந்த கிணறு ஊர் நடுவிலிருந்து தள்ளியிருந்தது. அவர்கள் கையில் இருந்த காசு கடைக்காரருக்குத் தீட்டில்லை, அவர்கள் வாய் பட்ட குவளைதான் தீட்டு!

இதை மாற்ற முதலில் கைவைத்தவர்களில் ஒருவர் ராமச்சந்திர பாபாஜி மோரே. அந்த வட்டாரத்து மகர் இளைஞர், பின்னாளில் கம்யூனிஸ்ட். சந்தைக்கு வரும் நம் மக்களுக்கென்று ஒரு டீக்கடை தொடங்க அவர் தூண்டுதலாக இருந்தார். அங்கே உட்கார்ந்து மக்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். டீ குடிக்க வந்தவர்கள் பேசினார்கள், கூடினார்கள். மகாத் மாநாட்டை முன்னின்று ஏற்பாடு செய்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு போராட்டத்தின் வேரைத் தேடினால் அது பல நேரம் இப்படி ஒரு பெஞ்சில்தான் போய் முடிகிறது.

அரசுத் தீர்மானமும் இருந்தது. 1923இல் எஸ்.கே. போலே பம்பாய் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் குளம், கிணறு, தர்மசாலை எல்லாவற்றையும் தீண்டப்படாதாருக்குத் திறக்கச் சொன்னது. மகாத் நகராட்சியும் 1924இல் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. 1927 மார்ச் மாநாட்டுக்கோ, குடிதண்ணீரைச் சாதி இந்துக்களிடமிருந்து 40 ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார்கள்.

குளத்தில் தண்ணீர் குடித்த பிறகு, கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பினார்கள். தடியோடு வந்த கும்பல் பந்தலுக்குள் புகுந்தது. ஊர் திரும்பும் முன் பலர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். சோற்றை மண்ணில் கொட்டினார்கள், பாத்திரங்களை நொறுக்கினார்கள், ஆட்களை அடித்தார்கள். சிலருக்கு முஸ்லிம் வீடுகள் அடைக்கலம் கொடுத்தன. பிறகு 108 பானைப் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள்.

டிசம்பரில் இரண்டாவது மாநாடு. உள்ளூர் வியாபாரிகள் அரிசி பருப்பு விற்க மறுத்தார்கள், வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. பந்தல் போட ஃபத்தே கான் என்ற முஸ்லிம் நிலம் கொடுத்தார். பஸ்காரர்கள் ஏற்றமாட்டார்கள் என்ற சந்தேகத்தில் அம்பேத்கர் பம்பாயிலிருந்து கப்பலில் தாஸ்காவ் வந்து, அங்கிருந்து 5 மைல் நடந்தார். டிசம்பர் 25 இரவு மனுஸ்மிருதி எரிந்தது. குளத்து வழக்கு உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிய 1937 ஆகிவிட்டது.

இப்போது அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 15(2)ஐ எடுத்துப் படியுங்கள். கடை, உணவகம், ஹோட்டல், பொதுக் கேளிக்கை இடம் (சினிமாக் கொட்டகையும் இதில் அடக்கம்) என்று முதலில் வருகிறது. கிணறு, குளம், படித்துறை அடுத்து வருகிறது. எனக்கு இது மகாத் ஊரின் வரைபடம் போலவே தெரிகிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைச் சட்டம், இன்றைய குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், இன்னும் ஒருபடி இறங்கி, ஹோட்டலில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் குற்றம் என்கிறது.

நம்மூர் இரட்டைக் குவளைக்கு இதுதான் சட்டம். இப்போது சில கடைகளில் நமக்கு மட்டும் பேப்பர் கப் வருகிறது. புகார் எழுதும்போது பிரிவு 4(ii) என்று குறிப்பிடுங்கள். பக்கத்தில் கண்ணாடி கிளாஸில் குடிப்பவரையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.