கிணற்றடியை விட்டுப் போன ஆற்றல்

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கிறது திமிரி. இந்தப் பக்கத்தில் ஏரி வற்றிவிட்டால் கிணறுதான் கதி. பாறை தட்டும்வரை தோண்டிய அகன்ற கிணறுகளில் தலைமுறை தலைமுறையாக மாடு கட்டிக் கவலை ஓட்டித்தான் நீர் இறைத்தார்கள். கவலை போய் மோட்டார் வந்ததை, இறைக்கும் திறன் பெருகிய கதையாகவே சொல்லிவருகிறோம். அது உண்மைதான். ஆனால் ஆற்றல் ஓர் இருப்பிலிருந்து இன்னோர் இருப்புக்கு மாறுகிறது என்ற பள்ளி இயற்பியல் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று தெரிகிறது. நீரை மேலே தூக்கும் ஆற்றலின் இருப்பு, ஊரைவிட்டே வெளியேறிவிட்டது. நிலத்தடி நீர் கரைந்த வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

கவலையின் வேலை நுட்பமானது. கிணற்று மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சரியும் தடத்தில் இரண்டு மாடுகள் இறங்கும். வடம் உருளையில் ஓடி, நீர் மொள்ளும் கலமான சாலை மேலே இழுக்கும். சாலின் அடியில் இருக்கும் தோல் வாலை மெல்லிய வால்கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். ஓட்டுகிறவர் வடத்தின்மேல் உட்கார்ந்து தம் எடையையும் இழுப்போடு சேர்த்துவிடுவார். சால் மேலே வந்ததும் வால் விரிந்து தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேறும். 150 லிட்டர் நீரைப் பத்து மீட்டர் தூக்கினால், அந்த நீரில் ஏறும் நிலையாற்றல் சுமார் 15,000 ஜூல். நாம் கட்டணம் கட்டும் ஒரு யூனிட் மின்சாரம் 36 இலட்சம் ஜூல், அதாவது 240 சால். ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒரு யூனிட்டைக் கால் மணி நேரத்தில் செலவழித்துவிடும். அதில் பெரும்பகுதி உராய்விலும் வெப்பமாகவும் வீணானாலும், மாடு அதற்கு ஈடாகாது. ஆனால் மாட்டின் உடலில் இருந்த ஆற்றல் வைக்கோலிலிருந்தும் சோளத்தட்டையிலிருந்தும் வந்தது. அவை விளைந்தது அதே கிணற்று நீரில். மழை பொய்த்தால் தீவனம் குறையும், மாடு இளைக்கும், இறைப்பும் தானாகக் குறையும். இறைப்பவர் கையில் இருந்த ஆற்றலுக்கும் கிணற்றில் இருந்த நீருக்கும் இப்படி ஒரு கட்டு இருந்தது.

பழைய கவலையில் சால் முழுவதுமே தோல். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ஓயாமல் நனைந்தால் சீக்கிரம் மக்கிப்போகும். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் பதனிடலைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியதற்கு, நீரைத் தாங்கும் கவலைத் தோல் வேண்டும் என்பதும் ஒரு காரணம். அதே சாட்டர்டன்தான் கிணறுகளில் எண்ணெய் எஞ்சின் பொருத்தி இறைப்பதையும் பரப்பினார். கவலையின் ஆயுளை நீட்டப் பார்த்தவர் கையாலேயே அதற்கு மாற்றும் வந்தது. பின்னர் மின்சாரம். பைக்காரா 1932, மேட்டூர் 1937, நெய்வேலி 1962 என்று மாகாணத்திலும் பின்னர் மாநிலத்திலும் மின் இருப்பு வளர வளர, திமிரிக் கிணற்றின் நீரைத் தூக்கும் ஆற்றல் எங்கோ ஒரு மலை அணையிலோ பழுப்பு நிலக்கரியிலோ போய் உட்கார்ந்தது. இங்கே மழை பொய்த்தாலும் அது குறையாது, இரவிலும் களைக்காது. 1970-களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டில் ஆராய்ந்து பி. எச். ஃபார்மர் தொகுத்த நூல் 1977-இல் வெளிவந்தது. அதில் இலங்கைப் புவியியலாளர் மத்தும பண்டார, இறைப்பு பெருகியதால் நிலத்தடி நீருக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தனி இயலாகவே எழுதினார். பசுமைப் புரட்சி இங்கே நெல்லைப் பெருக்கிக்கொண்டிருந்தபோதே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. 1990 வாக்கில் விவசாய மின்சாரம் இலவசமானபோது, இறைப்பவரைத் தடுக்க விலையும் இல்லாமல் போயிற்று.

கவலைக் காலத்தை நான் புகழ்வதாக ஒருவர் ஆட்சேபிக்கலாம். விடியற்காலையிலேயே தொடங்கும் அந்த உழைப்பு மாட்டையும் மனிதனையும் முறித்தது. தோல் சாலைத் தைத்துக் கொடுத்தவர்களை ஊர் சேரியில் ஒதுக்கி வைத்தது. களத்தில் அளந்துபோட்ட தானியமே அவர்கள் கூலி. அந்தக் கட்டமைப்பு போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அந்தக் காலத்து வரம்பும் யாரும் யோசித்து வைத்த வரம்பு இல்லை; வறுமையும் களைப்பும் போட்ட வரம்பு. இன்னொரு ஆட்சேபம்: ஏரிகள் தூர்ந்ததும், பாலாற்றில் மணல் போனதும், தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததும்தானே நீர் போனதற்குக் காரணம்? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அந்தக் கழிவைப் பற்றிக் கடுமையாகவே தீர்ப்பளித்தது. ஆனால் கழிவு, இருக்கும் நீரைக் கெடுக்கிறது. தூர்ந்த ஏரியும் மணல் இழந்த ஆறும் நீர் உள்ளே இறங்குவதைக் குறைக்கின்றன. ஊறுவதைவிட வேகமாக வெளியே எடுப்பது இவற்றோடு சேரும் தனிக் கணக்கு. அதை மற்ற எதுவும் விளக்கிவிடாது.

2019-இல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தின் சூரிய பம்புகள், ஆற்றலை மறுபடியும் வயலுக்கே கொண்டுவருகின்றன. ஆனால் பழைய கட்டு அதோடு திரும்பாது. மழை பொய்த்த வருடத்தில் தீவனம்தான் குறையும். வெயில் கூடத்தான் செய்யும், சூரியப் பலகையை ஓட்ட எரிபொருள் செலவும் இல்லை. ஆகவே ஆற்றல் பக்கம் வரம்பைத் தேடுவதில் இனிப் பயனில்லை. கிணற்றில் எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு எடுக்கிறோம் என்பதை ஊர்தோறும் அளந்து, பயிரை அதற்கேற்ப முடிவு செய்ய வேண்டும். மின் இணைப்புக்கோ சூரிய பம்புக்கோ மானியம் தரும் அரசு, அந்த அளவீட்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.