பூந்தமல்லி நெடுஞ்சாலையும் ஒரு பயணக் கையேடும்

பழைய பயணக் கையேடுகளைப் படிப்பதில் எனக்குத் தனியான ஒரு விருப்பம் உண்டு. எந்த ஊரில் தங்க இடம் கிடைக்கும், எந்த ஆற்றை எப்போது கடக்கலாம், யாருக்கு என்ன கூலி என்று ஒருவர் அக்கறையோடு எழுதிவைத்த தகவல் இருபது ஆண்டுகளில் பயனற்றுப் போகிறது. நூறாண்டு கழிந்தபின் அதுவே வரலாறாகித் திரும்பி வருகிறது. அயல்நாட்டுக்குப் போகிறவர்களுக்கான கையேடுகள் என்றதும் நமக்கு இலண்டனும் சிங்கப்பூரும் நினைவுக்கு வருகின்றன. நம்முடைய ஊரும் பிறருக்கு அயல்நாடாக இருந்தது என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

1859இல் இலண்டனின் ஜான் மர்ரி பதிப்பகம் இந்தியாவுக்கான கையேட்டை வெளியிட்டது. (அதே பதிப்பகம் அதே ஆண்டில்தான் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலையும் வெளியிட்டது.) சென்னை மாகாணம் முதற் பகுதி, பம்பாய் இரண்டாம் பகுதி. எழுதியவர் எட்வர்ட் பேக்ஹவுஸ் ஈஸ்ட்விக். பாரசீகம் கற்றவர், சஅதியின் 'குலிஸ்தான்' நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். கும்பெனி ஆட்சி முடிந்து முடியாட்சி தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. பயணிகள், இராணுவ அதிகாரிகள், சிவில் அதிகாரிகள் ஆகிய மூவகையினருக்குமான வழிகாட்டி என்று நூலின் முகப்பே அறிவித்தது. ஊர்களுக்கிடையிலான தொலைவுகளோடு, நாட்டு மொழிகளின் சொற்பட்டியல்களும் உரையாடல்களும் அதில் இருந்தன.

அன்று சென்னைக்கு வந்திறங்குவதே ஒரு சோதனை. துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிடும். அலைமுறியும் கரையைத் தாண்டுவதற்கு மசூலாப் படகுகளே கதி. ஆணி அடிக்காமல், கயிற்றால் தைத்த பலகைகள் அவை. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். யாரேனும் நீரில் விழுந்தால் எடுப்பதற்குக் கட்டுமரக்காரர்கள் அருகிலேயே வருவார்கள். இரும்புத்தூண்களின் மீது கட்டிய இறங்குதுறை 1861இல்தான் வந்தது.

கரையேறிய பின் மேற்கே போகிறவர்களுக்கு வழி பூந்தமல்லிச் சாலை. கோட்டையிலிருந்து ஏறத்தாழ 13 மைல் தொலைவில் பூந்தமல்லி. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் என்று வைணவர்களுக்கு அதைத் தெரியும். ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு அது படைமுகாம். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த அரசப் படைவீரர்களைத் தங்கவைக்கும் டிப்போ அங்கே இருந்தது. ஆக, ஆயிரக்கணக்கான ஆங்கிலேய இளைஞர்கள் இந்தியா என்று முதன்முதலில் அறிந்த மண், இன்று நாம் பேருந்துக்குக் காத்திருக்கும் அந்த மேற்குப் புறநகர்தான்.

அதிகாரிகள் பல்லக்கில் போனார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவில்தான் பயணம். ஒரு பல்லக்குக்குப் பொதுவாகப் பன்னிருவர்; முறைவைத்துத் தோள் மாற்றிக்கொள்வார்கள். முன்னே ஒரு தீவட்டிக்காரர், மூட்டைகளுக்குக் காவடிக்காரர். வழியில் அடுத்தடுத்த ஆட்களை முன்கூட்டியே நிறுத்திவைக்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஒரு தூக்கணி ஓய்ந்த இடத்தில் மற்றொன்று காத்திருக்கும். பயணி உள்ளே படுத்து உறங்கலாம்.

கையேடு தரும் தகவலின் அடியில் கிடக்கும் அறிவு யாருடையது என்ற கேள்வி எனக்கு இங்கேதான் எழுகிறது. தொலைவைக் காலடியால் அளந்தவர்கள் தூக்கிகள். எந்த ஓடையில் மழைக்குப் பின் இடுப்பளவு நீர் ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அக்காலத்து உரையாடற் பட்டியல்களோ பெரும்பாலும் ஏவல் வினைகளால் ஆனவை: கொண்டு வா, நிறுத்து, விரைந்து போ. தூக்கிகள் நடைக்கேற்பப் பாடிக்கொண்டே போவது வழக்கம். அதைத் தாலாட்டாக எண்ணி வெள்ளைக்காரர்கள் உறங்கினார்கள். உள்ளே இருப்பவரின் எடையைப் பற்றிய கேலியும் அப்பாட்டில் கலந்திருந்ததை மொழி அறிந்த சிலர் பின்னர் சிரிப்போடு எழுதினார்கள். அதற்குப் பொருள் சொல்லும் பக்கத்தை எந்தக் கையேடும் சேர்த்துக்கொள்ளவில்லை.

தூக்குகிறவர்களுக்குத் தெலுங்கில் 'போயி' என்று பெயர். 1886இல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, ஆங்கிலேயர் தம் பணியாளைக் கூப்பிட்ட 'பாய்' என்ற சொல்லோடு இந்தப் பெயரையும் சேர்த்தே பேசுகிறது. நரைத்த தலையரும் 'பையன்' ஆனதில் ஆணவத்துக்கு இருந்த பங்கோடு ஓசை மயக்கத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

ஈஸ்ட்விக்குக்கு முப்பதாண்டு முன்பே, இதே சென்னையிலிருந்து ஏனுகுல வீராசாமி பல்லக்கேறிக் காசிக்குப் புறப்பட்டார். சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். 1830 மே 18இல் கிளம்பி 1831 செப்டம்பர் 3இல் திரும்பினார். கூட ஏறக்குறைய நூறு பேர். வழிநெடுக அவர் தெலுங்கில் எழுதியதே 'காசியாத்திரை சரித்திரம்'. அவர் மறைந்த பின் 1838இல் அச்சேறியது. எந்த ஊரில் கடை உண்டு, எங்கே தண்ணீர் நன்று, எங்கே தங்கலாம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார். பின்னால் வரும் யாத்திரிகருக்குப் பயன்பட வேண்டும் என்ற கவலை அந்தப் பக்கங்களில் தெரிகிறது. நிஜாம் சீமையும் நாகபுரியும் அவருக்கும் ஒருவகையில் அயல்நாடுகளே. அவரும் தோள்மேல் ஏறிப் போனவர்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் தூக்குகிறவர்களோடு பேசுவதற்கு அவருக்குச் சொற்பட்டியல் தேவைப்படவில்லை. இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பது சுவையான அனுபவம்.

ஈஸ்ட்விக்கின் நூல் அச்சானபோதே அதன் காலடி மண் சரியத் தொடங்கியிருந்தது. 1856 ஜூலை 1இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணியர் பாதை அது. அது பூந்தமல்லியைத் தொடவில்லை. வடக்கே ஒதுங்கி, அம்பத்தூர், ஆவடிப் பக்கமாகத் திருவள்ளூருக்குப் போயிற்று. நூற்றாண்டுகளாகச் சாலையோரத்தில் இருந்த ஊர் ஒதுங்கிப்போக, வயலும் ஏரியுமாகக் கிடந்த ஊர்கள் வழியில் வந்தன. பின்னாளில் ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலைகளும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்ததற்கு இந்த இருப்புப்பாதையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பூந்தமல்லிக்குத் தண்டவாளம் வகுக்க மெட்ரோவின் இரண்டாம் கட்டத் திட்டம் வரவேண்டியிருந்தது.

1862இல் பாதை பேப்பூர் வரை சென்று மேற்குக் கடலைத் தொட்டது. 1864இல் பெங்களூருக்கும் கிளை போயிற்று. பூந்தமல்லிச் சாலையில் இரவில் தீவட்டி பிடித்து ஓடியவர்கள் என்ன தொழிலுக்குப் போனார்கள் என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஈஸ்ட்விக் 1879இல் சென்னை மாகாணக் கையேட்டைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டார். அதற்குள் தூத்துக்குடி வரை இரயில் போய்ச் சேர்ந்திருந்தது.