யாழ்: சொல்லில் வாழ்ந்து கையில் மறைந்த கருவி



கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளில் யாழினி என்னும் பெயர் இன்று அரிதன்று. ஆயினும் யாழ் ஒன்றை வரைந்து காட்டுமாறு மாணவரைக் கேட்டால், பெரும்பாலோர் வீணையையே வரைவர். செராசில் வாழும் நாமும் இளமையில் அவ்வாறே எண்ணியிருந்தோம். பெயர் நிலைத்திருக்கப் பொருள் மட்டும் எவ்வாறு நம் கையைவிட்டுப் போயிற்று என்பதே இவ்வுரையின் வினா.

முதலில் வேறுபாட்டைத் தெளிவோம். வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரே தந்தியைப் பல இடங்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். யாழிலோ நரம்பு ஒவ்வொன்றும் ஒரு சுரத்திற்கு உரியது. படகு போன்ற ஒலிக்கலம் பத்தர். அதனை மூடும் தோல் போர்வை. அதிலிருந்து வளைந்து எழும் தண்டு கோடு. நரம்பைக் கோட்டோடு இறுக்கும் வார்க்கட்டு திவவு. இச்சொற்களை நமக்குக் காத்துத் தந்தவை பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை முதலிய நூல்கள். பேரியாழுக்கு நரம்பு 21 என்றும் செங்கோட்டியாழுக்கு 7 என்றும் உரை மரபு கூறும்.

கருவியின் அமைப்பை அறிந்தால் இசையிலக்கணமும் விளங்கும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்புகளைப் பண்ணி வைத்த பின், தொடங்கும் நரம்பை மட்டும் மாற்றினால் வேறொரு பாலை பிறக்கும். வகுப்பறையில் இதனைக் காட்ட ஒரு மின்விசைப்பலகை போதும். வெள்ளைக் கட்டைகளை மட்டும் கொண்டு, ஒவ்வொரு முறையும் வேறொரு கட்டையில் தொடங்கி ஏழு சுரங்களை வாசிக்கச் செய்க. ‘குரல் திரிபு’ என்பதன் கருத்து மாணவர் செவிக்கு அக்கணமே எட்டும்.

கருவியின் பெயரினும் வியப்பூட்டுவது விரலின் பெயர். சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவி யாழைத் தொழுது வாங்குகிறாள். அங்கே வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என எட்டு இசைக்கரணங்கள் பேசப்படுகின்றன. வார்தல் சுட்டுவிரலின் தொழில். வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் இணைந்து செய்யும் தொழில். உரை இவ்வளவு நுட்பமாக விளக்கியும், அவ்விரல் எழுப்பிய ஒலியை நமக்குக் கற்பிக்க இன்று ஆசிரியர் இல்லை.

இதனோடு அயர்லாந்தின் வரலாற்றை ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். அங்கும் யாழ்வாசிப்போர் குறுநிலத் தலைவர்களை நாடி வாழ்ந்த இரவலர். நம் பாணரைப் போன்றவர். 17ஆம் நூற்றாண்டில் அத்தலைவர்களின் குடிகள் வீழ்ந்தபோது கலைஞரும் ஆதரவிழந்தனர். 1792ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் எஞ்சிய இசைஞரைக் கூட்டினர். வந்த அயர்லாந்தினர் பதின்மரே. அவர்களுள் முதியவரான டெனிஸ் ஹெம்ப்சன், உலோகத் தந்திகளை நகத்தால் மீட்டும் பழைய முறையைக் கைவிடாதவர். இசையைக் குறித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட எட்வர்ட் பன்டிங்குக்கு அப்போது வயது 19. அவர் இசைமெட்டுகளை மட்டும் எழுதவில்லை. விரற்றொழில்களின் பெயர்களையும் திரட்டி, 1840ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் பதித்தார். பழைய வாசிப்பு பின்னர் அற்றுப்போன போதிலும், 20ஆம் நூற்றாண்டில் அதனை மீட்க முனைந்தோர்க்கு அக்குறிப்புகளே வழிகாட்டின. 2019ஆம் ஆண்டு அயர்லாந்து யாழிசை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

நமக்கு ஒரு பன்டிங் வாய்க்கவில்லை. சம்பந்தருடன் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் காலத்தில் யாழ் கோயில்தோறும் ஒலித்தது. தேவாரத்தில் யாழும் வீணையும் அடுத்தடுத்துப் பேசப்படுகின்றன. பின்னர் வீணை ஓங்க, யாழ் ஒதுங்கியது. இறுதியாக வாசித்தவர் அருகில் ஏட்டோடு எவரும் அமர்ந்திருக்கவில்லை.

நமக்கு வாய்த்தவர் வேறு வகையினர். பெல்ஃபாஸ்ட் கூட்டத்திற்குச் சரியாக நூறாண்டுக்குப் பின், 1892இல், உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்தார். அதே ஆண்டில் இலங்கையின் காரைதீவில் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். அறிவியல் பயின்று பட்டம் பெற்ற அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பன்டிங் செவியால் கேட்டதை எழுதினார். அடிகளோ கேட்டறியாததை ஏட்டுச் சொல்லிலிருந்தும் கணக்கிலிருந்தும் சிற்பச் சான்றிலிருந்தும் மீட்க முயன்றார். அவரது ‘யாழ் நூல்’ 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார்.

யாழின் உறவினர் சிலர் இன்றும் உயிரோடுள்ளனர். பர்மாவின் ‘சாவுங்’ வளைகோட்டு யாழே. அமராவதிச் சிற்பங்களில் காணும் கருவியோடு அதனை ஒப்பிடலாம். மத்தியப் பிரதேசத்துப் பர்தான் பாணரிடம் ‘பீன் பாஜா’ என்னும் சிறிய யாழ் எஞ்சியுள்ளது. சென்னையில் தருண் சேகர் என்னும் இளைஞர் பழைய வருணனைகளைத் துணைக்கொண்டு யாழ் செய்து வருகிறார். இத்தகைய புதிய யாழைப் பழைய யாழென மயங்குதல் ஆகாது. அது ஒரு விடைமுயற்சி. எனினும் ‘பத்தர்’ என்ற சொல்லைத் தொட்டுக் காட்ட ஒரு பொருள் நமக்கு மீண்டும் கிடைத்துள்ளது.

மொழியியல் பயின்ற நாம் நெடுங்காலம் சொல்லைக் காத்தால் போதுமென நம்பியிருந்தோம். யாழ் அந்நம்பிக்கையைத் திருத்தியது. சொல் ஈராயிரம் ஆண்டு தாங்கும். கைப்பழக்கமோ ஒரு தலைமுறை இடைவெளியைக்கூடத் தாங்காது. இந்நாட்டில் உறுமி அடிப்போரும் நாதசுரம் வாசிப்போரும் தேவாரம் ஓதுவோரும் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் விரலுக்கும் மூச்சுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்கள் எவை? மாணவர்கள் ஒரு குறிப்பேட்டுடன் அவர்கள் அருகே அமர்ந்து கேட்கட்டும். ஆசிரியர்கள் அதனைப் பாடப்பணியாக்கட்டும். யாழுக்குச் செய்யத் தவறியதை அவற்றுக்கேனும் காலத்தே செய்வோம்.